அச்சில் வெட்டிய பிஸ்கோத்து

பிசைந்த மாவைப் பலகையில் தட்டையாக உருட்டி, தகரத்தால் செய்த நட்சத்திர அச்சு ஒன்றை அதன்மேல் அழுத்தி எடுக்கிறோம். ஐந்து முனைகளும் கூர்மையாக அமைந்த அழகிய நட்சத்திரம் கிடைக்கிறது. அதைச் சூடான அடுப்பில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், முனைகள் மழுங்கி, இடை பருத்து, சொன்னாலொழிய நட்சத்திரம் என்று எவரும் அறிய முடியாத ஒன்று தட்டில் கிடக்கிறது. அதே அச்சு வேறொருவர் கையில் முனை மாறாத நட்சத்திரங்களைத் தருகிறது. இவ்விருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? நேயர்களே, இன்றைய பேச்சில் நான் எடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சிறிய கேள்வியைத்தான். கேள்வி சிறிதாயினும், விடை தேடிப் புறப்பட்டால் அது நம்மைச் சமையலறைக்கு வெளியேயும் வெகுதூரம் அழைத்துச் சென்றுவிடுகிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கர் இதனைக் 'குக்கி' என்பர். சிறிய கேக்கைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் வழிவந்தது அது. ஆங்கிலேயர் 'பிஸ்கட்' என்பர். 'இருமுறை சுட்டது' என்பது அதன் பழம்பொருள். நாம் 'பிஸ்கோத்து' என்று சொல்வது ஆங்கிலேயரிடம் கற்றதன்று. அவர்களுக்கு முன்பே நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல் அது. சொல் வந்த வழியே பண்டமும் பல உருவங்களில் வந்து சேர்ந்தது. எனினும், வீட்டு அடுக்களையில் அச்சு வைத்து வெட்டி, சர்க்கரைப் பூச்சால் கோலமிட்டு, பண்டிகை நாளில் அயலாருக்குக் கொடுக்கும் பிஸ்கோத்து மேனாட்டில் தனி வரலாறு உடையது.

அந்த வரலாறு மரத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியில் பேரி மரம் போன்ற கெட்டியான மரப் பலகைகளில் உருவங்களைக் குழியாகச் செதுக்கி, தேனும் வாசனைப் பொருள்களும் கலந்த மாவை அக்குழிகளில் அழுத்தி எடுத்துச் சுடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. நூரம்பர்க் நகரம் இத்தொழிலில் பெயர் பெற்றது. அங்கே 1643-ஆம் ஆண்டில் தேன் ரொட்டி சுடுவோர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அதற்கும் முன்பு, 1487-இல், பேரரசர் மூன்றாம் பிரடெரிக் தம் உருவம் பொறித்த தேன் ரொட்டிகளை அந்நகரத்துக் குழந்தைகளுக்கு வழங்கினார் என்று சொல்வர். அரசனின் முகத்தைக் காசில் மட்டுமே கண்டிருந்த குழந்தைகள் அதைக் கடித்துத் தின்றார்கள்! ஓவியம் வாங்கப் பொருளில்லாத வீட்டிலும் ஒரு குதிரை வீரனோ, ஒரு மான் உருவமோ, ஓர் அரசியின் முகமோ புகுந்தது இத்தகைய ரொட்டிகளின் வாயிலாகத்தான். ஏழையின் சிற்பம் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

மர அச்சு செதுக்கக் கைதேர்ந்த தச்சன் வேண்டும், காலமும் வேண்டும். தகர அச்சுக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசிய தகரத்தைக் குவளையாகவும் விளக்காகவும் செய்து விற்ற கொல்லர்கள், வேலையில் மிஞ்சிய துண்டுகளை வளைத்து, பற்றாசு வைத்து ஒட்டி, பறவையாகவும் இதயமாகவும் குதிரையாகவும் செய்து கொடுத்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியரிடையே இவ்வச்சுகள் மிகுதியாகப் புழங்கின. பழைய அச்சுகளின் முதுகுத் தகட்டில் ஒன்றிரண்டு துளைகள் இருப்பதைக் காணலாம். அவை அழகுக்காக இடப்பட்டவை அல்ல. அச்சை அழுத்தும்போது உள்ளே அகப்படும் காற்று வெளியேறவும், ஒட்டிக்கொண்ட மாவை விரலால் தள்ளிவிடவும் அத்துளைகள் பயன்பட்டன. எளிய கருவியிலும் எண்ணிச் செய்த கை தெரிகிறது.

மர அச்சுக்கும் தகர அச்சுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மர அச்சு உருவத்தின் உட்புறத்தையும் எழுதித் தந்துவிடும். கண், மூக்கு, ஆடையின் மடிப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். தகர அச்சோ எல்லைக்கோட்டை மட்டுமே தரும். உள்ளே இருப்பது வெறும் வெளி. அந்த வெளியை நிரப்பும் பொறுப்பு வீட்டில் உள்ளவர்களிடம் வந்து சேர்ந்தது. சர்க்கரைப் பூச்சால் அணி செய்யும் கலை வீடுகளில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பென்சில்வேனியாவில் நாசரேத் என்று ஓர் ஊர் உண்டு. நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் அன்று இது. 1740-ஆம் ஆண்டில் மொரேவியர் என்னும் கிறிஸ்தவ சமயக் குழுவினர் அங்கே குடியேறினர். அடுத்த ஆண்டே அருகில் பெத்லகேம் என்னும் ஊரையும் தோற்றுவித்தனர். அமெரிக்கச் சர்க்கரைப் பிஸ்கோத்தின் பிறப்பிடம் தம் ஊரே என்று நாசரேத்தார் பெருமை பேசுவர். இதே மொரேவியர் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, அதன் அருகே தோட்டம் அமைத்துச் சில பத்தாண்டுகள் வாழ்ந்தனர் என்பதை நம் வரலாற்று மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அக்காலத்தில் சர்க்கரை மலிவான பண்டமன்று. அது மலிவாகத் தொடங்கியபோது, மலிந்த வழி நல்ல வழியாக இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் சிந்திய குருதியே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இனிப்பாகப் பரிமாறப்பட்டது. இதனை உணர்ந்து மனம் பொறாதவர் சிலர் அப்போதே இருந்தனர். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜான் உல்மன் என்னும் குவேக்கர் சமயத்தவர், அடிமைகள் விளைவித்தது என்பதற்காகவே சர்க்கரையை விலக்கினார். பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1791-இல் தாமஸ் ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், மேப்பிள் மரத்தின் சாற்றிலிருந்து சர்க்கரை காய்ச்சினால் அடிமைகள் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையை நாடவேண்டாமே என்று வாதிட்டார். அத்திட்டம் பெரிதாக வெற்றி பெறவில்லை. ஆயினும், நாவில் கரையும் ஒரு பண்டம் யார் கையால் விளைந்தது என்று கேட்டவர்கள் அவர்கள். பண்டிகைப் பிஸ்கோத்தின் வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையாகாது.

இனி நம் நட்சத்திரத்திற்குத் திரும்புவோம்.

வேண்டிய பொருள்கள் சிலவே. மைதா 360 கிராம், வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை ஒன்று, உப்பு அரைத் தேக்கரண்டி, மணத்துக்குச் சிறிது வனிலா அல்லது ஏலக்காய்ப் பொடி. உப்பிட்ட வெண்ணெயாயின் உப்பைத் தனியே சேர்க்க வேண்டுவதில்லை. நம் கடைச் சர்க்கரை பருமணியாக இருப்பதால் அதை அரைத்துச் சலித்துக்கொள்வது நலம். வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் குழைத்து, முட்டை சேர்த்து, கடைசியில் மைதாவைக் கலக்க வேண்டும். இவ்வளவையும் எந்தச் சமையற் புத்தகமும் சொல்லிவிடும். ஏன் அவ்வாறு என்பதைத்தான் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுப்பினுள் நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம். ஒருபுறம் மாவை நெகிழச் செய்து பரவவிடும் ஆற்றல்கள். மறுபுறம் அதை இறுகச் செய்து நிறுத்தும் ஆற்றல்கள். வெண்ணெய் நம் உடற்சூட்டுக்கும் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுவது. சர்க்கரை, மாவிலுள்ள ஈரத்தில் கரைந்து பாகாகி, மாவை மேலும் இளக்கும். இவ்விரண்டும் சேர்ந்து நட்சத்திரத்தின் முனைகளைக் கரைக்கப் பார்க்கின்றன. வெப்பம் மேலும் ஏறும்போது முட்டையிலும் மாவிலும் உள்ள புரதங்கள் இறுகுகின்றன; ஈரமும் ஆவியாகிக் குறைகிறது; உருவம் நிலைபெறுகிறது. நெகிழ்வு முந்திக்கொண்டால் நட்சத்திரம் அப்பமாகும். இறுக்கம் முந்திக்கொண்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கும். சமைப்பவரின் திறமையெல்லாம் இந்தப் பந்தயத்தில் இறுக்கத்தின் பக்கம் சேர்ந்துகொள்வதில்தான் இருக்கிறது.

அதற்குப் பெருந்துணை குளிர்ச்சி. வெட்டிய உருவங்களைத் தட்டோடு குளிர்பதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்து, வெண்ணெய் கெட்டியானபின் அடுப்பில் ஏற்றினால், வெண்ணெய் உருகிப் பரவுமுன் ஓரங்கள் இறுகத் தொடங்கிவிடும். பலர் மாவை உருண்டையாகக் குளிரவைத்து, பிறகு கல்லாய்ப் போன உருண்டையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். இரண்டு எண்ணெய்த் தாள்களுக்கு இடையே மாவை முதலிலேயே உருட்டித் தகடாக்கிவிட்டுக் குளிரவைப்பதே அறிவுடைமை. தகடு ஒரே சீரான பருமனாக, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பலகையின் இருமருங்கிலும் அப்பருமனுள்ள இரண்டு மரச் சட்டங்களை வைத்து அவற்றின்மேல் உருளை ஓடுமாறு உருட்டினால், கண்ணளவைக்கு வேலையில்லை.

அடுத்தது, சேர்க்காமல் விடுவது. கேக்கைப் பொங்க வைக்கும் பேக்கிங் பவுடர் இந்தப் பிஸ்கோத்துக்குப் பகை. அது வெளிவிடும் கரியமில வாயு மாவை ஊதிப் பருக்கச் செய்து ஓரங்களைக் குலைத்துவிடும். மென்மை வேண்டும் என்று ஒரு சிட்டிகை சேர்ப்பவர் உண்டு. மென்மை கிடைக்கும், முனை போய்விடும். எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, கையடக்கம். மைதாவில் ஈரம் பட்டுப் பிசையப் பிசைய, குளூட்டன் என்னும் இழுவைத் தன்மையுள்ள புரதப் பின்னல் உண்டாகிறது. பரோட்டாவுக்கு இது வேண்டும். மாவை அடித்து இழுத்து அதை வளர்க்கிறோம். பிஸ்கோத்துக்கு வேண்டாம். பின்னல் வலுத்தால், வெட்டிய வட்டம் சுருங்கி முட்டை வடிவாகும். கடித்தால் தோல்போல் இருக்கும். வெண்ணெயை முன்னதாகக் குழைத்து மைதாவைக் கடைசியில் கலப்பதன் காரணமும் இதுவே: கொழுப்பு மாவுத் துகள்களை மூடி, ஈரம் அவற்றை எளிதில் எட்டாதபடி தடுக்கிறது. வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து மீண்டும் உருட்டும்போது, ஒவ்வொரு முறையும் பின்னல் சற்றே வலுக்கிறது. ஆகவே முதல் தகட்டிலேயே அச்சுகளை நெருக்கி நெருக்கி வைத்து வெட்டுவது சிக்கனம் மட்டுமன்று, சுவையும் ஆகும்.

அடுப்பின் வெப்பம் 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். வெப்பம் குறைந்தால் பாதுகாப்பு என்று எண்ணி இதனினும் தணித்து வைத்தால், உருகுவதற்கே நேரம் கொடுத்தவர்களாவோம். எட்டு முதல் பத்து நிமிடத்தில் ஓரம் இலேசாகப் பொன்னிறம் கொள்ளும். அப்போதே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். ஒரே தட்டில் பெரிய யானையையும் சிறிய நட்சத்திரத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். யானை வேகுமுன் நட்சத்திரம் கருகிவிடும். மின்சார ஓவன் இல்லாத வீட்டில், கனத்த பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பிச் சூடேற்றி, அதனுள் தாங்கி வைத்து மூடிச் சுடலாம். வெப்பத்தை அளந்தறிவது அங்கே கடினம். ஆதலால் முதல் ஈடு சோதனை ஈடாகவே இருக்கட்டும்.

சுட்டது நன்றாக ஆறியபிறகே அணி செய்ய வேண்டும். 'ராயல் ஐசிங்' எனப்படும் பூச்சு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பொடியும் சேர்ந்தது. இரண்டு வெள்ளைக்கருவுக்கு ஏறக்குறைய 350 கிராம் பொடி சேர்த்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு அடித்தால் வெண்மையாக நுரைத்துக் கெட்டியாகும். கிண்ணத்தில் சிறிது வெண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழாது. கொழுப்பு அந்நுரைக்கு எமன். கெட்டியான பூச்சால் முதலில் ஓரத்தில் வரம்பு கட்டி, நீர் சேர்த்துத் தளர்த்திய பூச்சை வரம்புக்குள் பாய்ச்ச வேண்டும். வயலுக்கு வரப்பு எதற்கோ, அதற்கே இதுவும். பாய்ச்சும் பூச்சின் பதம் அறிய ஒரு வழி: கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினால், அது 10 முதல் 15 விநாடிக்குள் தானே மறைய வேண்டும். விரைவில் மறைந்தால் பூச்சு வரம்பைத் தாண்டி வழியும். மறையாமல் நின்றால் மேற்பரப்பு கரடாகும்.

மருதாணிக் கூம்பு போலச் சுருட்டிய காகிதத்தில் பூச்சை நிரப்பி, நுனியைச் சிறிதே வெட்டிக் கோடு இழுப்பார்கள். புதிதாகப் பழகுபவர் நுனியைப் பிஸ்கோத்தின் மேலேயே ஊன்றி இழுக்க, கோடு நடுங்கும். நுனியைச் சற்றே உயர்த்தி, நூல்போல இறங்கும் பூச்சை விரும்பிய இடத்தில் விழவிட்டால் கோடு வழுவழுப்பாக அமையும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கோலமாவு விரல்களுக்கிடையிலிருந்து விழுவதும் இவ்வாறுதான்; விரல் தரையைத் தொடுவதில்லை. புள்ளி வைத்து இழை சுற்றும் பழக்கமுள்ள கை, மேனாட்டார் மாதக்கணக்கில் பழகும் வேலையை ஒரு மாலைப் பொழுதில் பற்றிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். பூச்சு அடுப்பில் ஏறுவதில்லை. ஆதலால் அக்கிருமி சாவதுமில்லை. சிறு குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார் உள்ள வீட்டில், கிருமி நீக்கிய வெள்ளைக்கருப் பொடியைப் பயன்படுத்துவதே தக்கது. முட்டை உண்ணாதவர் சர்க்கரைப் பொடியில் சிறிது பாலும் எலுமிச்சைச் சாறும் குழைத்துப் பூசலாம். அது அவ்வளவு இறுகாது, ஆனால் சுவை குன்றாது. வேகாத மாவை வழித்து நக்குவதும் கூடாது. மைதா உலர்ந்த பொருளாயினும் அதிலும் கிருமி இருக்கலாம்.

இதனினும் பெரிய செய்தி நிறத்தைப் பற்றியது. 1820-ஆம் ஆண்டில் லண்டனில் பிரெடரிக் அக்கம் என்னும் இரசாயன அறிஞர் உணவுக் கலப்படங்களைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். குழந்தைகள் ஆசையோடு வாங்கித் தின்ற மிட்டாய்களின் சிவப்பு ஈயத்தாலும், பச்சை செம்பாலும் வந்தவை என்று அதில் காட்டினார். அதன் பிறகும் வணிகர் திருந்திவிடவில்லை. 1858-இல் பிராட்போர்டு நகரில், மிட்டாயில் சர்க்கரைக்குப் பதிலாகக் கலப்பதற்கென்று வாங்கிய மலிவுப் பொடிக்கு மாறாகத் தவறுதலாக ஆர்சனிக் நஞ்சு கொடுக்கப்பட்டு, அதைத் தின்றவர்களுள் ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். இங்கிலாந்தில் 1860-இல் கலப்படத் தடைச் சட்டம் பிறக்க இத்துயரமும் தூண்டுதலாயிற்று. எங்கோ, என்றோ நடந்தவை என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததை நீங்கள் அறிவீர்கள். துணிக்குச் சாயமேற்றும் ரோடமைன்-பி என்னும் பொருள் அதன் இளஞ்சிவப்பில் இருந்தது ஆய்வில் தெரியவந்தது. கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டால் முதலில் அதன் பெயரைக் கேட்பவர் குறைவு.

வீட்டில் செய்வோருக்கு நிறத்துக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் தூளும் பீட்ரூட் சாறும் எல்லாருக்கும் தெரிந்தவை. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் அருமையான நீலம் கிடைக்கும். ஆனால் பூச்சில் எலுமிச்சைச் சாறு விட்டிருந்தால் அந்நீலம் ஊதாவாக மாறிவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாளைக் கொண்டு காட்டும் வேடிக்கையை இங்கே கிண்ணத்திலேயே காணலாம். நீலமே வேண்டுமென்றால் எலுமிச்சையை விலக்குங்கள். இயற்கை நிறங்கள் சற்று மங்கலானவை என்பது உண்மையே. மங்கல் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

அணியே மிகுந்து உணவு மறைந்துபோவதும் உண்டு. வட குரோவேஷியாவில் 'லிசித்தார்' என்றொரு பண்டம் உண்டு. இதய வடிவில் சுட்டு, செந்நிறம் பூசி, வெள்ளைக் கோடுகளால் அழகுசெய்து, நடுவே சிறு கண்ணாடியும் பதித்து அன்பளிப்பாகக் கொடுப்பார்கள். 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கைத்தொழிலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அதை வாங்குவோர் பெரும்பாலும் தின்பதில்லை. நினைவுப் பொருளாக மாட்டி வைப்பர். அது தன்னை நினைவுப் பொருள் என்றே சொல்லிக்கொள்வதால் அதில் குற்றமில்லை. ஆனால் தின்பதற்கென்று தரும் பிஸ்கோத்தின்மேல் விரல் பருமன் சர்க்கரையை ஏற்றி, கீழே இருப்பது அட்டையா மாவா என்று ஐயுறச் செய்வதை என்னால் ஒப்ப முடியவில்லை. இக்காலத்தில் கைப்பேசித் திரையில் காணும் அலங்காரங்கள் பலவும் கண்ணுக்காகவே செய்யப்படுகின்றன. வெண்ணெயின் மணம் திரையில் தெரிவதில்லையே! பூச்சு மெல்லிதாக இருக்கட்டும். சில உருவங்களைப் பூச்சின்றி, வேகுமுன் மேலே பருமணிச் சர்க்கரை தூவி மட்டும் சுட்டுப் பாருங்கள். பென்சில்வேனியாவின் பழைய சர்க்கரைப் பிஸ்கோத்து அதற்கு நெருங்கியதுதான்.

பூச்சு முழுதும் உலர 8 முதல் 12 மணி நேரம் ஆகும். சென்னை, நாகை போன்ற கடற்கரை ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில், அதற்குமேலும் பிடிக்கும். காற்றிலுள்ள ஈரத்தைச் சர்க்கரை ஈர்த்துக்கொள்வதே காரணம். மின்விசிறிக்குக் கீழே வைத்து உலர்த்தலாம். கருநிறத்தை ஒட்டி வெண்ணிறம் வருவதாயின் முன்னது காய்ந்த பிறகே பின்னதை இடவேண்டும். இல்லாவிடில் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஊறிவிடும். நூல் கோத்துத் தொங்கவிடுவதற்கான துளையை வேகுமுன்பே இட்டுவிட வேண்டும். சுட்டபின் துளைத்தால் உடையும். உலர்ந்தவற்றை அடுக்குக்கு ஒரு தாள் வைத்து, காற்றுப் புகாத தகர டப்பாவில் மூடிவையுங்கள். இரண்டு வாரம் வரை மொறுமொறுப்புக் குறையாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் டப்பாவை எங்கே வைப்பது என்பதைப் பற்றி நான் யோசனை சொல்வதற்கில்லை.